மேலே விரைவுச்சாலை, கீழே கீரைக்கட்டு

கேள்வி இதுதான்: ஆப்பிரிக்க நகரங்களில் சீன நிறுவனங்கள் கட்டும் பெரிய சாலைகளும் ரயில் பாதைகளும் தெருவோரத்தில் பிழைப்பவர்களுக்கு நல்லது செய்கின்றனவா, அவர்கள் வயிற்றில் அடிக்கின்றனவா?

"இரண்டும்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு எதுவும் பிடிபடாது. ஐம்பத்துச் சொச்சம் நாடுகளை ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. அதனால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: கென்யாவின் தலைநகர் நைரோபி. பத்து ஆண்டுகளுக்குள் அங்கே மூன்று பெரிய வேலைகள் சீன நிறுவனங்களின் கையால் முடிந்தன. தெருவோரப் பிழைப்பைப் பற்றிப் பேசவும் பொருத்தமான ஊர். 'முறைசாராத் துறை' என்று இன்று அரசாங்கக் காகிதங்களில் புழங்கும் சொல் உலகெங்கும் பரவியதில், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1972இல் கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. கென்யர்கள் அதைச் சொல்வது 'ஜுவா காலி' என்று. சுவாஹிலியில் சுட்டெரிக்கும் வெயில் என்று பொருள். கூரையில்லாத இடத்தில் உட்கார்ந்து தகரம் தட்டுகிறவர்களுக்கு வழங்கிய பெயர், அந்த வகைப் பிழைப்பு எல்லாவற்றுக்குமே ஆகிவிட்டது. சிறு விவசாயத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நாட்டின் வேலைகளில் 100க்கு 80க்கு மேல் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. ஊரின் ஏதோ ஒரு மூலையில் நடக்கும் சங்கதியாக இதை நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஊரே இதுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 'சீனா கட்டியது' என்று சொல்கிறோமே, அதற்குள் மூன்று விதமான பணம் இருக்கிறது. நைரோபியிலிருந்து திகா ஊர் வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளும் திகா நெடுஞ்சாலையை மூன்று சீன நிறுவனங்கள் ஆளுக்கொரு துண்டாகப் போட்டன. 2012 நவம்பரில் அதிபர் ம்வாய் கிபாகி திறந்துவைத்தார். ஆனால் கடனில் பெரும்பங்கு ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி கொடுத்தது. துறைமுக நகரான மொம்பாசாவையும் நைரோபியையும் இணைக்கும் ரயில் 2017 மே கடைசியில் ஓடத் தொடங்கியது. அதன் செலவில் சுமார் 90 சதவீதம் சீனாவின் எக்ஸிம் வங்கிக் கடன். கென்ய அரசு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது. 2022இல் திறந்த நைரோபி விரைவுச்சாலை வேறு ரகம். 27 கிலோமீட்டர். கட்டியது சைனா ரோடு அண்ட் பிரிட்ஜ் கார்ப்பரேஷன், பணத்துக்கு ஏற்பாடு செய்ததும் அவர்களே. அதற்கு ஈடாக, அவர்கள் ஏற்படுத்திய 'மோஜா எக்ஸ்பிரஸ்வே' நிறுவனம் 27 ஆண்டுகள் சுங்கம் வசூலித்துக்கொள்ளும்.

சிமெண்ட் ஊற்றியவர் எந்த நாட்டுக்காரர் என்பதைவிட, பணம் எந்த வழியில் வந்தது, வரைபடம் யாரை மனதில் வைத்துப் போட்டது என்பதை வைத்தே தெருவோரக்காரரின் கதி தீர்மானமாகிறது. அதனால்தான் இந்தக் கணக்கை முதலிலேயே சொன்னேன்.

சரி, சாலைக்கு வருவோம்.

திகா சாலையில் கிதுராய் என்று ஓர் இடம். பேருந்து வழித்தட எண்ணையும் சேர்த்து 'கிதுராய் 45' என்றே சொல்வார்கள். சாலை அகலமாகி, பாலம் ஏறி, வண்டிகள் சீறிக்கொண்டு போகின்றன. அந்தச் சீறலுக்குப் பக்கத்திலேயே சந்தை. நைரோபி நடைபாதைகளில் ஒரு வழக்கம் உண்டு: சாக்கு விரித்து, அதில் சாக்ஸ், செருப்பு, போன் உறை என்று பரப்பியிருப்பார்கள். சாக்கின் மூலைகளில் கயிறு. 'கான்ஜோ' வருகிறான் என்று குரல் கேட்டால் போதும், ஒரே இழுப்பில் விரிப்பு மூட்டையாகிவிடும், ஆள் கூட்டத்தில் கரைந்துவிடுவார். கான்ஜோ என்றால் நகராட்சிக் காவலர். 'கவுன்சில்' என்ற சொல் தேய்ந்து இப்படி ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் இதே நகராட்சிதான் சந்தைகளில் சிறு வியாபாரிகளிடம் தினக் கட்டணம் வாங்கி ரசீதும் கொடுக்கிறது. காலையில் ரசீது கொடுக்கும் அலுவலகமும் மாலையில் துரத்தும் அலுவலகமும் ஒன்றுதான்.

சாக்குக்காரருக்குப் பக்கத்தில் 'மாமா ம்போகா' இருப்பார், அதாவது காய்கறி அம்மா. அவரிடம் சுகுமா விகி என்ற கீரை. பெயருக்கு 'வாரத்தைத் தள்ளு' என்று பொருள். சம்பளம் வரும்வரை காலம் ஓட்ட உதவும் கீரை. வேலை முடிந்து வருபவர் ஒரு கட்டு கேட்டால் மாமா ம்போகா இலைகளைச் சுருட்டிப் பிடித்து, அங்கேயே நூல்போல அரிந்து கொடுப்பார். வீட்டுக்குப் போனதும் வெங்காயம் தக்காளியோடு வாணலியில் போட்டு, மக்காச்சோள மாவுக் களியான உகாலியைக் கிளறினால் சாப்பாடு தயார். பக்கத்துக் கடையில் சமையல் எண்ணெய் ஒரு குவளை அளவுக்குக்கூடக் கிடைக்கும். இதற்கு 'கடோகோ' பொருளாதாரம் என்று பெயர். கடோகோ என்றால் சின்னஞ்சிறியது. கையில் இன்றைய கூலி மட்டும் இருப்பவர், இன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறார்.

இந்த வியாபாரம் எதன்மேல் நிற்கிறது? பொருளின் தரத்தாலோ விலையாலோ அவ்வளவாக இல்லை. ஆயிரக்கணக்கான பேர் சாயங்காலம் அந்த இடத்தில் வண்டியிலிருந்து இறங்கி, அந்த வழியாக நடக்கிறார்கள், அவ்வளவுதான் மூலதனம். நிறுத்தம் ஐம்பது மீட்டர் தள்ளிப்போனால் கடை போச்சு. பெரிய சாலை வண்டி நிற்காமல் ஓடுவதற்காகப் போடப்படுகிறது. தெருவோரப் பிழைப்போ, யாராவது நின்றால்தான் உண்டு. பெரும்பாலான தகராறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. சீனா, கடன் என்பதெல்லாம் அப்புறம்.

திகா சாலையின் நன்மையை மறைக்கக் கூடாது. பழைய நான்கு வழிச் சாலையில் திகாவிலிருந்து நைரோபிக்கு வருவது ஒரு தவம். புதிய சாலை வந்ததும் மட்டாட்டுகளுக்கு ஒரு நாளில் கூடுதல் நடை கிடைத்தது. மட்டாட்டு என்பது தனியார் மினிபஸ். நம் ஷேர் ஆட்டோவையும் மினிபஸ்ஸையும் கலந்து, மேலே ஓவியமும் காதடைக்கும் பாட்டும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெயர் 'டாட்டு', அதாவது மூன்று, என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் மூன்று பத்துக் காசுகள்தான் கட்டணம். 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா ஓர் ஆணை போட்டுத் தனி உரிமம் இல்லாமலே ஓடலாம் என்று விட்டதும், ஊரின் போக்குவரத்து மெல்ல மெல்ல அவர்கள் கைக்குப் போனது.

மட்டாட்டின் கணக்கைப் புரிந்துகொண்டால் சாலையின் கணக்கும் புரியும். வண்டி ஒருவருடையது. ஓட்டுநரும் நடத்துநரும் மாலையில் அவருக்கு ஒரு நிர்ணயித்த தொகையைக் கொடுத்துவிட வேண்டும். டீசல், போலீசுக்கு அழுவது, நிறுத்தத்தில் ஆள் கூவி ஏற்றுபவருக்குக் கொடுப்பது எல்லாம் போக மிஞ்சுவதே இவர்கள் கூலி. ஆகவே வண்டி நிரம்பாமல் கிளம்பாது. மழை பிடித்தால் கட்டணம் ஏறும். கை காட்டிய இடத்தில் நிற்கும். ஒழுங்கீனம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். வண்டிக்குள் இருப்பவருக்கு அது கணக்கு. திகா சாலையில் வேகம் கூடியது லாபம்தான், ஏனென்றால் ஓரச் சாலைகளில் நின்று ஆள் ஏற்றவும் இடம் இருந்தது. அப்படியும் இடைவெளிகள் இருந்தன. நடைமேம்பாலங்கள் நெடுந்தூரத்துக்கு ஒன்று. ஏறி இறங்கச் சோம்பலாகவோ அவசரமாகவோ இருந்தவர்கள் வண்டிகளுக்கு நடுவே ஓடிக் கடந்தார்கள், பலர் செத்தும் போனார்கள். நைரோபியில் பயணங்களில் ஏறத்தாழ 100க்கு 40 கால்நடையாக நடப்பவை. இதைத் தெரிந்தும் எட்டு வழிச் சாலையை ஊருக்கு நடுவே இழுப்பவரை என்ன சொல்ல!

அந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் 'போடா போடா' எனும் மோட்டார் சைக்கிள் டாக்சிகள். 2008இல் சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு வரிச்சலுகை கொடுத்த பிறகு நாடெங்கும் பெருகிவிட்டன. பாலம் இறங்கும் இடத்தில் பத்துப் பதினைந்து பேர் வண்டியைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த வண்டிகளில் ஒசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸும் பஜாஜின் பாக்ஸரும் நிறைய. சீனச் சாலையில் இறங்கி இந்திய வண்டியில் வீட்டுக்குப் போவது நைரோபியில் அன்றாடம்.

இன்னொன்று, வாடகை. சாலை வந்ததும் ரொய்சாம்பு, கசரானி, ருயிரு, ஜூஜா பக்கமெல்லாம் நிலத்தின் விலை ஏறி, அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் முளைத்தன. நிலம் வைத்திருந்தவருக்குச் சாலை பணமாக வந்தது. அதே சாலையில் கீரை விற்றவருக்கு, வாடிக்கையாளர் கூடியதும் உண்டு, வாடகை கூடியதும் உண்டு.

விரைவுச்சாலை இதைவிடக் கறாரானது. அதன் ஒரு பகுதி தூண்கள்மேல் ஓடுகிறது, மேற்கே வெஸ்ட்லாண்ட்ஸ் பக்கத்திலிருந்து தென்கிழக்கே ம்லோலோங்கோ வரை. ம்லோலோங்கோ என்றால் சுவாஹிலியில் 'வரிசை'. எடைமேடைக்கு லாரிகள் வரிசைகட்டி நின்றதால் ஊருக்கு வந்த பெயர் என்பார்கள். நின்ற லாரிக்காரர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து வளர்ந்த ஊர். ஊரிலேயே வேகமான சாலை அங்கிருந்து தொடங்குகிறது. நடப்பவர், மோட்டார் சைக்கிள், ஆட்டோ ஆகியவற்றுக்கு மேலே இடமில்லை. காருக்கு முழு நீளம் போகத் தொடக்கத்தில் 360 ஷில்லிங். 2024 முதல் 500. ஒரு மட்டாட்டுப் பயணி கொடுக்கும் கட்டணத்தைவிடப் பல மடங்கு. வழியில் ஆள் ஏற்ற முடியாத சாலையில், வழியில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் வண்டிக்கு என்ன வேலை? விமான நிலையத்துக்குப் போகும் காருக்கு நேரம் மிச்சம். அதை மறுக்க முடியாது, கார் வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகத்தான் கொடுக்கிறார்கள். மற்றவர்கள் கீழே, தூண்கள் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்ட பழைய சாலையில் போகிறார்கள்.

கட்டும்போது நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். வெஸ்ட்லாண்ட்ஸில், வையாகி சாலை ஓரத்தில், நூறாண்டு தாண்டிய ஓர் அத்தி மரம். சாலைக்காக அதை அகற்றப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 2020 நவம்பரில் அதிபர் ஆணையே வந்து மரம் பிழைத்தது. சாலை ஒதுங்கிக்கொண்டது. நல்ல விஷயம், கிகூயு மக்களுக்கு அத்தி புனித மரமும்கூட. ஓராண்டு கழித்து, 2021 அக்டோபர், நவம்பரில், முகுரு க்வா ஞ்ஜெங்கா என்ற குடிசைப் பகுதியில் புல்டோசர் இறங்கியது. விரைவுச்சாலை வேலையால் உண்டான நெரிசலைக் குறைக்க இணைப்புச் சாலை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பல்லாயிரம் பேர் வீடிழந்தார்கள். வீட்டுக்குள்ளேயே நடந்த தையல், பலகாரம், ரீசார்ஜ் கடை எல்லாம் அதோடு சேர்ந்து போயின. அந்த முகுருவை நகர நிர்வாகமே 2017இல் சிறப்புத் திட்டப் பகுதியாக அறிவித்து, குடியிருப்பவர்களை உட்காரவைத்துப் பேசித் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது என்பது இதில் கசப்பான பகுதி. இந்த இணைப்புச் சாலையைச் சீனா கேட்கவில்லை, இடித்தது கென்ய அரசு. பழி போடும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இழப்பீடு ஏன் இவர்களுக்கு எட்டுவதில்லை? சட்டம் நிலத்தைப் பார்க்கிறது, பட்டாவைப் பார்க்கிறது. கீரை அம்மாவிடம் இருப்பது இடமும் வாடிக்கையும். அதற்குப் பத்திரம் கிடையாது. இங்குதான் பணம் வந்த வழி கணக்காகிறது. உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி போன்றவற்றின் மறுகுடியமர்த்தல் விதிகளில், பட்டா இல்லாதவரையும் கணக்கெடுத்து ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. கிபேரா குடிசைப் பகுதி வழியாகப் போகும் பழைய ரயில் பாதையை ஒட்டியிருந்தவர்களை அப்படித்தான் உலக வங்கிப் பணத்தில் வீடு வீடாக, கடை கடையாகக் கணக்கெடுத்து, பக்கத்திலேயே கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். பல ஆண்டு இழுத்தது, சச்சரவும் இருந்தது. ஆனாலும் எண்ணப்பட்டார்கள். சுங்கச்சாலை ஒப்பந்தத்தில் அப்படிக் கேட்க வெளியாள் யாரும் இல்லை. உள்நாட்டு அரசு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான்.

அதற்காக ஜுவா காலி என்றாலே அப்பாவிகள் என்று உருகவும் வேண்டாம். நடைபாதையில் இடம் பிடித்துக் கொடுக்க வசூல் கும்பல்கள் இருக்கின்றன. மட்டாட்டு நிறுத்தங்களில் கூவுபவர்கள் வாங்குவது பாதி கூலி, பாதி மிரட்டல். நடைபாதை முழுக்கக் கடையானால் நடப்பவர் தார்ச்சாலையில்தான் இறங்க வேண்டும். திகா சாலையிலேயே இரும்புத் தடுப்புகளையும் அறிவிப்புப் பலகைகளையும் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் அரசு நாடு முழுக்கப் பழைய இரும்பு வியாபாரத்தையே கொஞ்ச காலம் தடை செய்யும் அளவுக்கு இந்தத் திருட்டு போயிற்று, மின்கோபுரங்களையும் விடவில்லை. அந்தத் தடையில் அடிபட்டவர்களில் ஒழுங்காகப் பழைய தகரம் பொறுக்கியவர்களும் உண்டு. பெரிய எண்ணெய் டிரம்மை வெட்டிக் கரியடுப்பு செய்பவர்களும், ஜனவரியில் விடுதிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தகரப்பெட்டி செய்பவர்களும் நைரோபியின் கமுகுஞ்சியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தட்டும் சத்தம் தெருமுனையிலிருந்தே கேட்கும்.

உண்மையில் நைரோபிச் சிறு வியாபாரிகள் 'சீனாவே போ' என்று தெருவில் இறங்கியது சாலைக்காக அல்ல. 2023 ஜனவரியில், அதே திகா சாலையோரம், கென்யாட்டா பல்கலைக்கழகத்தை ஒட்டிய யூனிசிட்டி பேரங்காடியில் 'சைனா ஸ்கொயர்' என்ற கடை திறந்தது. பாத்திரம், விளக்கு, பை எல்லாம் அடிமாட்டு விலை. கூட்டம் அலைமோதியது. கிகோம்பா, ந்யமாகிமா, கமுகுஞ்சி சந்தை வியாபாரிகளுக்கு வயிறு கலங்கியது. காரணம், அவர்கள் விற்பதும் சீனச் சரக்குதான். சீனாவின் மொத்தச் சந்தை நகரங்களான குவாங்சோவுக்கும் யீவூவுக்கும் ஆள் போய், பலர் சேர்ந்து ஒரே கன்டெய்னரில் சரக்கை ஏற்றி, ந்யமாகிமாவில் பிரித்து, அங்கிருந்து சாக்கு விரிப்புவரை வருகிறது. அந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கையிலும் பத்து ஷில்லிங் ஒட்டும். சீனக்காரரே நேராகக் கடை வைத்தால் நடுவில் உள்ள எல்லாக் கைகளும் காலி. பிப்ரவரி கடைசியில் ஊர்வலம் நடந்தது. வர்த்தக அமைச்சர் மோசஸ் குரியா, கடையின் குத்தகையை வாங்கி உள்ளூர் வியாபாரிகளுக்கே கொடுக்கத் தயார் என்றார். கடை கொஞ்ச நாள் மூடி மறுபடி திறந்தது. இதில் வாங்குபவர்களில் பலர் சைனா ஸ்கொயர் பக்கம் நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விலை மலிவு யாருக்குக் கசக்கும்?

ரயிலைப் பற்றிச் சுருக்கமாக. அதன் நைரோபி நிலையம் ஊருக்கு வெளியே சியோகிமாவில், மொம்பாசா நிலையம் மிரிடினியில். இரண்டு முனையிலும் ரயில் வரும் நேரத்துக்கு மட்டாட்டுகளும் டாக்சிகளும் காத்து நிற்கின்றன. திட்டத்தில் இல்லாத வேலை, ரயிலே உண்டாக்கிக் கொடுத்தது. ஆனால் 2019இல் துறைமுகத்தில் இறங்கி நைரோபிக்கும் அதற்கு அப்பாலும் போகும் சரக்கெல்லாம் ரயிலில்தான் போக வேண்டும் என்று ஆணை வந்ததும், லாரிகளை நம்பியிருந்த மரியாகானி, வோய், ம்டிடோ ஆண்டெய் போன்ற வழியூர்களில் சாப்பாட்டுக் கடையும் டயர் ஒட்டும் கடையும் படுத்துவிட்டன. மொம்பாசாவில் வாரா வாரம் போராட்டம். 2022 செப்டம்பரில் பதவியேற்ற அன்றே வில்லியம் ரூடோ, துறைமுகச் சரக்கைச் சோதித்து விடுவிக்கும் வேலையை மொம்பாசாவுக்கே திருப்புவதாக அறிவித்தார். கடனை அடைக்க ரயிலுக்குச் சரக்கு வேண்டும், ஓட்டு வாங்க லாரி ஓட வேண்டும்.

நல்ல உதாரணம் ஒன்றும் இருக்கிறது, அதற்கு வெளிநாட்டார் தேவைப்படவில்லை. 2008 வாக்கில் நைரோபியின் முத்துர்வாவில் தெருவோரக்காரர்களுக்குச் சந்தை கட்டியபோது மட்டாட்டு நிறுத்தத்தையும் அங்கேயே வைத்தார்கள். நெரிசல், சேறு, சண்டை எல்லாம் உண்டு. ஆனால் கடைக்கு முன்னால் ஆள் இறங்குகிறார். வெறும் கூரை மட்டும் கட்டிக் கொடுத்த எத்தனையோ சந்தைகளில் ஆடு கட்டிக் கிடப்பதற்குக் காரணம் அங்கே யாரும் இறங்குவதில்லை என்பதே.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது எத்தனை கோடி டாலர், எத்தனை வழிச் சாலை என்பதைத் தாண்டிச் சில விஷயங்களைத் தேடிப் பாருங்கள். மினிபஸ் எங்கே நிற்கும், நடைமேம்பாலத்தின் படிகள் எங்கே இறங்கும், பட்டா இல்லாத கடைகளை யார் எண்ணினார்கள். நைரோபியில் இதில் வேடிக்கையும் நடந்தது. 2018இல் திகா சாலையின் உள்வழித் தடத்தில் நீளமாகச் சிவப்புக் கோடு அடித்து, இது விரைவுப் பேருந்துக்கான தடம் என்றார்கள். பேருந்து வரவில்லை. ஊர் சிரித்தது. மட்டாட்டுகள் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தன.